ஹமானக்கா என்ன ஆக்கள்?

“சிரிக்கிறதைப் பார், ஒரு கோதாரியும் விளங்கேல்லை,” என்றார் தேவராசா மனைவியிடம். எதிரே உட்கார்ந்திருந்த ஜப்பானியக் கிழவர் அதற்கும் பணிவாகத் தலையை ஆட்டினார்.

லண்டன் பிளேஸ்டோ வீட்டில் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு கல்யாணம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் கீர்த்திகா விரும்பிய கென்ஜி, தகப்பனை வாசலில் இறக்கிவிட்டு, கார் நிறுத்த இடம் தேடித் தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்தான். அவன் வந்து மணி அடித்ததும் தேவராசா ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லவேண்டும்.

பையனின் படிப்பு, சம்பளம், குணம் எதையும் தேவராசா விசாரிக்கவில்லை. பேர் ஒன்றே அவருக்குப் போதும். நூல்நிலையத்தில் ஜப்பானியப் பேர்களுக்குப் பொருள் சொல்லும் தலையணை மொத்தப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, ஏழே நாளில் முழு ஜப்பானையும் சாதி பிரித்து அடுக்கிவிட்டார். சக்கரவர்த்தியைத் தவிர ஒருவரும் தப்பவில்லை. அவருக்குக் குடும்பப்பேர் இல்லையாம், பிழைத்துப்போனார்.

“தனாக்கா எண்டால் வயல் நடு. காணி பூமி உள்ள ஆக்கள், பரவாயில்லை. யமமோட்டோ எண்டால் மலையடி. அதையும் சகிக்கலாம். இவர் ஹமானக்கா! ஹமா எண்டால் கடற்கரை, நக்கா எண்டால் நடு. கடற்கரைக்கு நடுவில குந்தியிருந்து இவங்கட பரம்பரை என்னத்தைச் செய்திருக்கும்? காத்தே வாங்கினது?”

“மெல்லக் கதையுங்கோ,” என்றாள் மனைவி சிவனேஸ்வரி.

“ஏன், உந்தாளுக்குத் தமிழ் விளங்கப்போகுதோ?”

“அப்பா, அங்கிள் முந்தி வேலை விஷயமா...” என்று கீர்த்திகா தொடங்கினாள்.

“நீ வாயை மூடிக்கொண்டு இரு. பெரிய ஆக்கள் கதைக்கிறம்.”

கீர்த்திகா வாயை மூடிக்கொண்டாள். அதோடு ஏனோ கண்களையும் மூடிக்கொண்டாள்.

தேவராசா விருந்தாளியின் பக்கம் திரும்பி, குரலில் தேனைத் தடவிக்கொண்டு, இவ்வளவு அழகான பேர் எப்படி வந்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“நூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் எல்லோரும் குடும்பப்பேர் வைக்கவேண்டும் என்று சட்டம் வந்தது,” என்றார் கிழவரும் ஆங்கிலத்தில். “எங்கள் வீடு கடற்கரை நடுவில் இருந்தது. அதையே வைத்துக்கொண்டோம். ஊர் நாகஹாமா. நீண்ட கடற்கரை என்று பொருள்.”

“கேட்டியே!” தேவராசா மனைவியிடம் பாய்ந்தார். “வீட்டு விலாசத்தைப் பேரா வைச்சிருக்கிற கண்டறியாத கூட்டம். பேரும் கடற்கரை, ஊரும் கடற்கரை! சட்டனில இருக்கிற சம்பந்திக்கு நான் எந்த முகத்தோட சொல்லுறது? மூத்தவன்ர கலியாணத்துக்கு அந்த மனிசன் எங்கட ஆறு தலைமுறையை விசாரிச்சவர்!”

சிவனேஸ்வரி சோற்றைப் பரிமாறினாள்.

விருந்தாளிக்காகக் கரண்டியும் முள்ளுக்கரண்டியும் பிடித்துத் திண்டாடிக்கொண்டிருந்தார் தேவராசா. விருந்தாளியோ அவற்றை ஒதுக்கிவிட்டுக் கையால் பிசைந்து அடிக்கத் தொடங்கினார். “பாத்தியே பழக்கத்தை!” என்று தேவராசா மூக்கைச் சுளித்தார்.

“ஐயோ, சொதிக்குள்ள பச்சைமிளகாய் கிடக்கு. அந்த மனிசன் கடிக்கப்போகுது,” என்று சிவனேஸ்வரி பதறினாள். கிழவரின் விரல்கள் சோற்றைக் கிளறி, மிளகாயை எடுத்துச் சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் வைத்தன. ஜப்பான்காரனுக்குக் கண் கூர்மைதான் என்று தேவராசா நினைத்துக்கொண்டார்.

“மீன் அருமை,” என்றார் கிழவர் ஆங்கிலத்தில்.

மீனைப் புகழ்ந்தால் தேவராசாவுக்குத் தலைகால் தெரியாது. “நான் பார்த்து எடுத்தது! செத்த மீனின் வாயைப் பார்த்தே அது வலையில் பட்டதா தூண்டிலில் பட்டதா என்று சொல்வேன். இந்த லண்டனில் என்னை ஏமாற்றி மீன் விற்க ஒருத்தன் இன்னும் பிறக்கவில்லை!”

கிழவர் முதல்முறையாகச் சிரிப்பை நிறுத்தி அவரை நிமிர்ந்து பார்த்தார். “உங்கள் ஊர்?”

“யாழ்ப்பாணம் டவுன்.” லண்டனில் யார் கேட்டாலும் தேவராசா சொல்லும் பதில் அதுதான். சம்பந்திக்கும் அதையேதான் சொல்லியிருந்தார்.

வாசல் மணி அடித்தது. கீர்த்திகா எழுந்து ஓடினாள்.

“பெடியன் உள்ள வரட்டும். மூஞ்சிக்கு நேர சொல்லி அனுப்புறன்,” என்றார் தேவராசா. “கடற்கரை ஆக்களோட எங்களுக்குச் சரிவராது எண்டு!”

கிழவர் ஆற அமரக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். இடுப்புவரை குனிந்து வணங்கினார். பிறகு வாயைத் திறந்தார்.

“எழுபத்திரண்டில உங்கட பக்கம் மீன்பிடி வள்ளங்களுக்கு எஞ்சின் பூட்டித் திரிஞ்சனான். ரண்டு வருசம், ஒரு கரை விடாமல்.” சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ்.

தேவராசாவின் கையிலிருந்த முள்ளுக்கரண்டி கோப்பையில் விழுந்து கிணுகிணுத்தது. கிழவர் அவருடைய தோளில் கையைப் போட்டு, காதருகே குனிந்தார்.

“டவுன் கிடக்கட்டும், தம்பி. சரியா எந்தக் கரை?”