மருந்தில்லாத தண்ணீர்

"நம்ம தொட்டியில யாரோ குளோரின் கலந்திருக்காங்க. யாருன்னு இப்பவே தெரிஞ்சாகணும்" என்றாள் ஸ்வாவா.

பழைய தண்ணீரைத் திறந்துவிட்டு, புதிதாக நிரப்பிய வெந்நீரில் ஆறு வீட்டுக்காரர்களும் கழுத்தளவு உட்கார்ந்திருந்தார்கள்.

முந்தின நாள் தொட்டியில் இறங்கிய பக்கத்து வீட்டு யோருனின் மகள் கண்ணைத் திறக்க முடியாமல் துடித்துப் போனாள், யோருன் அழுதே விட்டாள். குளோரின் அளவுக்கு மீறிப் போயிருக்கிறது, நல்லவேளை கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருவுக்கே தலைக்குனிவு. ஐஸ்லாந்தின் கிழக்குக் கரையில் மருந்தே போடாத தொட்டி என்று பெயர் வாங்கியது இந்த ஆறு வீட்டுப் பொதுத் தொட்டிதான்.

நாட்டின் பல ஊர்களில் நிலத்துக்கடியிலிருந்தே வெந்நீர் வரும், எங்கள் ஊரில் கிடையாது. மின்சாரத்தில் காய்ச்சிய தண்ணீரைத் தினமும் கொட்டினால் கட்டுப்படியாகாது, அதனால் வாரக்கணக்கில் அதே தண்ணீர். ஆனாலும், உடுப்பையெல்லாம் கழற்றிவிட்டு சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்த பிறகுதானே எல்லோரும் இறங்குகிறார்கள், அழுக்கு எங்கிருந்து வரும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதற்கு மேல் ஸ்வாவா மலையில் பறித்து வந்த வாசனைச் செடி ஒரு மூட்டையும், ஒரு வெள்ளித் தகடும் தண்ணீரில் கிடக்கும்.

குளிர்காலத்தில் இரண்டொருவர் முதுகில் சிவப்பாகக் கொப்புளம் கிளம்பியபோது உக்கி ஒருவர்தான் பேசினார். மனைவியை இழந்து தனியாக இருப்பவர்.

"சோப்புப் போட்டுக் குளிச்சா மட்டும் போதாது. வெதுவெதுன்னு இருக்கற தண்ணியில கிருமி தானா பெருகும். செடியும் வெள்ளியும் அதுக்குப் பத்தாது. அளவா குளோரின் போடுவோம், இல்லாட்டி அடிக்கடி தண்ணிய மாத்துவோம்."

ஸ்வாவா விட்டாளா? நீச்சல்குளத்து நாற்றம்தான் வேண்டுமென்றால் நீச்சல்குளத்துக்கே போகலாமே என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், எதிர்வீட்டு எய்வோர் என்பவளும் சேர்ந்து சிரித்தாள். மருந்து கிடையாது என்று அன்றைக்கே கைதூக்கி முடிவு செய்தார்கள்.

அதற்குப் பிறகு தண்ணீர் பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. கொப்புளமும் போன இடம் தெரியவில்லை. எல்லாம் செடியின் மகிமை என்று பக்கத்து ஊர்க்காரர்களைக் கூட்டி வந்து காட்டினாள் ஸ்வாவா. சில நாள் மூக்கில் ஏறிய நெடியையும் மலைச்செடியின் நெடி என்றே எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

இப்போது அவள் பார்வை உக்கியிடம் வந்து நின்றது.

"ஆரம்பத்துலேர்ந்தே உங்களுக்குத்தான் இதுல நம்பிக்கை இல்ல. நீங்கதானே?"

உக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லோரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி, நாளையிலேர்ந்து நான் வரல" என்று சொல்லி, துண்டைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

அவர் நாலு மனிதரோடு பேசுவதே அந்தத் தொட்டியில்தான். அது தெருவில் எல்லோருக்கும் தெரியும். எய்வோருக்கு இன்னொன்றும் தெரியும். குளோரின் போட்டது அவள்.

கணவன் முதுகில் கொப்புளத்தைப் பார்த்துப் பயந்து போய், தினமும் ஆள் வருவதற்கு முன்னால் ஒரு கரண்டித் தூளைக் கரைத்து ஊற்றிவந்தாள். ஒரே ஒரு கரண்டிக்கா இந்தப் பாடு என்று அவளுக்கே புரியவில்லை. ஆனால் தன் காரியத்துக்காக அந்த மனிதர் எழுந்து போனதையும், தான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்ததையும் நினைக்க நினைக்க வெட்கத்தில் உடம்பு கூசியது. கணவனிடம்கூடச் சொல்ல நா எழவில்லை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாய்விட்டு மன்னிப்புக் கேட்க வராது. தோட்டத்தில் வளரும் ரூபார்ப் என்ற புளிப்புச் செடியின் தண்டில் காய்ச்சிய ஜாமை பாட்டிலில் போட்டுக்கொண்டு போய் நிற்போம். மறுநாள் மத்தியானம் எய்வோரும் ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு உக்கியின் கதவைத் தட்டினாள்.

கதவு திறந்ததுமே கொட்டிவிட்டாள்.

"குளோரின் போட்டது நான்தான். உங்க தலையில பழி விழுந்தப்ப வாயைத் திறக்காம உக்காந்திருந்தேன். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தேன்னு எனக்கே தெரியல."

"உள்ள வாம்மா. காபி சூடா இருக்கு" என்றார் உக்கி.

சமையலறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேசை மேல் வரிசையாக ரூபார்ப் ஜாம். கட்டம்போட்ட துணியால் மூடியிருந்தது ஸ்வாவா வீட்டு பாட்டில். பக்கத்தில் நீல நூல் கட்டியது யோருனுடையது. மகளின் கண்ணுக்காக அழுத அதே யோருன்.

"எல்லாருமா?"

"ஆளுக்கு ஒரு கரண்டியாம்."

"அப்ப நீங்களும்?"

"நான் எதுக்குப் போடறேன்? வேண்டாம்னு எல்லாருமாச் சேர்ந்துதானே முடிவு பண்ணினோம்."

எய்வோருக்குத் தலை நிமிரவில்லை. "பின்ன, நான் இல்லைன்னு நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா உங்கள்ல ஒருத்தர் எழுந்து போக வேண்டியிருந்திருக்கும்."

அவள் பாட்டிலை மேசையில் வைத்தாள். வரும் வழியெல்லாம் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த இன்னொரு வாக்கியம் மிச்சமிருந்தது. எவ்வளவு முயன்றும் அது வெளியே வரவில்லை.

உக்கி அவள் பாட்டிலையும் வரிசையோடு தள்ளி வைத்தார்.

"பயப்படாத, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். மத்தவங்களும் அதைத்தான் கேட்டுட்டுப் போனாங்க."