மூன்று சொட்டு

முதல் சொட்டு அட்டையின் நடுவில் விழுந்தது.

ஆயில் டப்பாவை இன்னும் கொஞ்சம் சாய்த்தார். இரண்டு. மூன்றாவது விழுந்ததும் நிமிர்த்திவிட்டார். அதற்கு மேல் ஊற்றினால் யாரும் நம்பமாட்டார்கள்.

விடிந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில், பூபதியின் பிக்கப் வண்டிக்கு அடியில், அறுபத்திரண்டு வயது மனிதர் முழங்கால் போட்டுத் திருட்டுத்தனம் செய்துகொண்டிருந்தார். அதுவும் எதையும் எடுத்துப் போக அல்ல.

போன மாதம் வரை அது அவருடைய வண்டி.

பதினோரு வருடம் பொள்ளாச்சிக்குத் தேங்காய் ஏற்றினார். பதினோரு வருடமும் அது ஆயில் ஒழுகியது. மூன்று முறை எஞ்சினின் ஆயில் அடித்தொட்டியைக் கழற்றிப் பேக்கிங் மாற்றினார். ஊரில் பாதி மெக்கானிக்குகள் அதன் கீழே படுத்து எழுந்தார்கள். நிற்கவில்லை. கடைசியில், "அது பொறவிக் கொணமுங்" என்று சொல்லப் பழகிக்கொண்டார். ராத்திரி எஞ்சினுக்கு நேர் கீழே ஓர் அட்டையை விரித்து வைப்பார். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

சர்க்கரை வியாதியில் பாதம் மரத்துப்போனது. கிளட்சை மிதிப்பதே காலுக்குத் தெரியவில்லை. பூபதிக்குக் கொடுத்துவிட்டார். அட்டை விரிக்கவும் சொல்லிக்கொடுத்தார்.

இப்போதும் அவன் வண்டியை எடுக்கும் சத்தம் கேட்டால், கட்டிலில் கிடக்கும் இடது கால் தானாக மிதிக்கும்.

ஆரம்பத்தில் பூபதி தினமும் மதில்சுவர் ஓரம் வந்து நின்றான். "எங்கிருந்துங்ணா ஒழுகுது?" என்பான். அவர் காபி ஆறுவது தெரியாமல் விளக்குவார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனே ஸ்பேனரோடு இறங்கினான். அடித்தொட்டியைத் தொடவேயில்லை. எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினான். கசிவு அங்கே இருந்தது. எஞ்சினின் பின்பக்கமாக இறங்கி வந்து, அடியில் சொட்டியிருக்கிறது. புது ரப்பர் வைத்து மூடினான். ஒரே மத்தியானம்.

மறுநாள் அட்டை காய்ந்திருந்தது.

அதற்கு மறுநாளும்.

பூபதி சுவர் ஓரம் வருவது நின்றுபோனது.

நல்லதுதானே என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். வயிற்றெரிச்சல் அடங்கவில்லை. தன்னிடம் பதினோரு வருடம் அழிச்சாட்டியம் செய்த வண்டி, நேற்று வந்தவனிடம் ஒரு மாதத்தில் சமர்த்தாகிவிட்டது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

அதனால்தான் இந்த மூன்று சொட்டு. பார்த்ததும் கூப்பிடுவான். கூப்பிட்டால் போதும்.

எழுந்து தன் பக்கம் வந்தார். டப்பாவைச் சுவருக்குக் கீழே மறைத்தார். கையைத் துடைப்பதற்குள் பூபதி வீட்டுக் கதவு திறந்தது.

தோளில் ஒரு பழைய துண்டோடு வந்தான். குனிந்து அட்டையை வெளியே இழுத்தான். சொட்டை விரலால் தொட்டான். விரலை வெளிச்சத்தில் பிடித்தான்.

தேன் நிறம்.

டீசல் எஞ்சினுக்குள் நாலு நாள் ஓடிய ஆயில் கரியாகத்தான் வெளியே வரும். வண்டிக்காரன் வீட்டுக் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. டப்பாவில் இருந்தது புது ஆயில்.

பூபதி அட்டையைப் பார்த்தான். சுவருக்கு மேலே தெரிந்த தலையைப் பார்த்தான். உள்ளே போனான்.

மனைவியிடம் சொல்வான். தேங்காய்க் களத்தில் சொல்வான். சாயங்காலத்துக்குள் ஊரே சிரிக்கும். உள்ளே போய்விடலாம் என்று நினைத்தார். மரத்த கால் நகரவில்லை.

திரும்பி வந்த பூபதியின் கையில் சாவி இருந்தது. சுவர் ஓரம் வந்து நின்றான்.

"லீக்கு முழுசா நிக்கல போலீங்ணா. ஒருக்கா நீங்களே ஸ்டார்ட் பண்ணி, சத்தத்தக் கேட்டுச் சொல்லுங்."

வலது கை முழுக்கப் பிசுபிசுப்பு. அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு இடது கையை நீட்டினார். இத்தனை வயதில் யாரிடமும் எதையும் இடது கையால் வாங்கியவரில்லை.

பூபதி சாவியைத் தரவில்லை.

தோளில் கிடந்த துண்டை எடுத்து, முதலில் அதை நீட்டினான்.