பேருந்தில் எழுந்து நின்றவன்

அவள் சோறு பரிமாறிக்கொண்டிருந்தபோது கணவன் ஏட்ரியன் அந்தக் கதையை எடுத்தான்.

விருந்துக்கு வந்தவர்கள் ஏட்ரியனின் அலுவலக நண்பர்கள். ஹெலன், அவளுடைய கணவன் மார்ட்டின். இனவெறி பற்றிய பேச்சைத் தொடங்கியது ஹெலன்தான்.

“எங்களைப் போல வெள்ளைக்காரர்கள் முதலில் வாயை மூடிக்கொண்டு கேட்கப் பழகவேண்டும்.”

ஏட்ரியன் பலமாகத் தலையாட்டினான். பிறகு வாயைத் திறந்தான்.

போன வாரம். லண்டன் பேருந்து. யாழ்ப்பாணத்திலிருந்து மகளைப் பார்க்க வந்திருக்கும் மாமனார். குடித்துவிட்டு ஏறிய ஒருவன் அவர் முகத்தில் துப்பினான். உன் நாட்டுக்குப் போ என்றான்.

அதுவரை உண்மை.

“நான் எழுந்து நின்றேன். சட்டையைப் பிடித்து அவனைக் கீழே இறக்கினேன்.”

அவள் கையில் கரண்டி நின்றது.

அன்றைக்கு ஏட்ரியன் முன் இருக்கையில் இருந்தான். பின்னாலிருந்த அவளுக்குத் தெரிந்தது அவன் கழுத்து மட்டும். காதுகள் சிவந்திருந்தன.

கழுத்து திரும்பவில்லை.

அப்பாவின் கன்னத்தை அவள்தான் சால்வையால் துடைத்தாள். துப்பியவன் அடுத்த தரிப்பில், அவசரமே இல்லாமல் ஆறுதலாக, தானே இறங்கிப் போனான்.

வீட்டுக்கு வந்த பிறகு மூவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

ஹெலனின் கண் கலங்கிவிட்டது. மேசைக்கு மேலாக எட்டி, எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவின் இடக்கையைப் பற்றிக்கொண்டாள்.

அப்பாவுக்கு ஆங்கிலம் விளங்காது. மகளைப் பார்த்தார்.

“என்ன பிள்ளை, என்ர கதையோ சொல்லுறார்?”

அவள் சொன்னாள். ஒரு சொல்லையும் விடாமல், தமிழில்.

அப்பா வாயிலிருந்த சோற்றை மென்று விழுங்கினார்.

“அண்டைக்கு மருமோன் எந்தப் பக்கம் பாத்துக்கொண்டு இருந்தவர் எண்டு ஒருக்காக் கேள்.”

ஏட்ரியனின் முகம் வெளிறியது. கல்யாணத்துக்கு முன்பே ஆசையாகத் தமிழ் படித்தவன் அவன்.

“என்ன சொல்கிறார்?” ஹெலன் மூக்கை உறிஞ்சினாள்.

எல்லோரும் மகளின் வாயையே பார்த்தார்கள். அப்பாவும்.

“தாங்க்யூ சொல்கிறார்” என்றாள் அவள், ஆங்கிலத்தில்.

ஹெலன் அழுதேவிட்டாள். மார்ட்டின் வைன் கிளாஸை உயர்த்தினான். ஏட்ரியன் மேசைக்கு அடியில் மனைவியின் கையைத் தேடிப் பிடித்து அழுத்தினான்.

தாங்க்யூ. அந்த ஒரு சொல் அப்பாவுக்குத் தெரியும்.

ஹெலனிடமிருந்து கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். கிளாஸிலிருந்த தண்ணீரை எடுத்தார்.

பாதிச் சோற்றின் மேலேயே ஊற்றிக் கையைக் கழுவினார்.