வெத்துவேட்டு

அண்ணன் துப்பிய ரத்தத்தோடு ஒரு பல்லும் வாஷ்பேசினில் விழுந்து 'டிணிங்' என்றது. தங்கை தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். அவன் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். இடது விலாவில் ஒரு முஷ்டி, அச்சுக் குத்தியதுபோல் கருநீலமாகப் பதிந்திருந்தது.

"எந்த நாய் அடிச்சது? பறவையா, பாறையா?"

"கீழ விழுந்துட்டேன்டி."

"விழுந்தா முஷ்டி பதியுமா? நான் என்ன காதுல பூவா வெச்சிருக்கேன்?"

அண்ணன் இருந்த காவல்படையில் ஐந்து பேர். பறவை பறப்பான். தணல் என்பவள் உள்ளங்கையில் நெருப்பு வளர்ப்பாள். பாறை ஒற்றைக் கையால் லாரியைத் தூக்குவான். முடிச்சு என்ற பெண்ணுக்கும் ஏதோ சக்தி உண்டு என்பார்கள், என்னவென்று யாரும் கண்டதில்லை.

அண்ணனுக்கு எந்தச் சக்தியும் இல்லை. சின்ன வயதிலிருந்து பயின்ற தற்காப்புக் கலை மட்டும்தான். சண்டைக்குக்கூட அவனைக் கூட்டிப் போவதில்லை, படையின் ஆபீசிலேயே உட்கார வைத்துவிடுவார்கள். ஊர் அவனுக்கு வைத்த பெயர் வெத்துவேட்டு.

அந்த ஆபீசிலிருந்துதான் அவன் ஒவ்வொரு முறையும் உடைந்து வருவான். சக்தி இல்லாதவன் என்று நாலு பேரும் சேர்ந்து இவனைப் போட்டு மிதிக்கிறார்கள். தங்கைக்கு அதில் சந்தேகமே இல்லை.

மறுநாள் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்ததும் தங்கை பொரிந்தாள். "இன்னைக்கு நீ ஆபீஸ் போகல. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? இன்னொரு அடி அதே எடத்துல விழுந்தா எலும்பு நுரையீரலைக் குத்திடுமாம்." வாசல் கம்பிக்கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அவங்களுக்குத்தான் சக்தி கொட்டிக் கிடக்கே, நீ எதுக்கு?"

"பறக்கத் தெரிஞ்சாலும் எலும்பு எலும்புதான்டி."

"அப்ப உன் எலும்பு?"

"எனக்குப் பழக்கம். அடி எங்க வருதுன்னு தெரிஞ்சா போதும், மூச்சை அங்க கட்டிடுவேன். கல்லு மாதிரி ஆயிடும்."

"கல்லாம் கல்லு! பல்லைக் காணோம், பேச்சைப் பாரு."

சற்று நேரத்தில் நால்வரும் வாசலில் வந்து நின்றார்கள். தங்கை கதவைத் திறக்கவில்லை. அண்ணன் கம்பிக்கு நடுவே கையை நீட்டினான். முடிச்சு மற்ற மூவரின் கைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து அதன்மேல் வைத்து அழுத்தினாள், கடைசியில் தன் கையையும் வைத்தாள். பாறை நிமிர்ந்து பார்க்காமலே சொன்னான்.

"மன்னிச்சிருங்கண்ணே."

"அடிக்கிறதையும் அடிச்சிட்டு மன்னிப்பு வேறயா? நல்லா வருது வாயில!" என்றாள் தங்கை.

அவர்கள் போனதும் அண்ணன் உள்ளறைக்குப் போய்த் தாழ்போட்டுக்கொண்டான். "டிவியை சத்தமா வை. சண்டையை நேரடியாக் காட்டுவாங்க. நிறுத்திடாத, என்ன?"

திரையில் ஆற்றுப் பாலம். அதன் நடுவே சம்மட்டி என்று ஊரே நடுங்கும் ராட்சசன் நின்றான். ஒரு போலீஸ்காரரைக் கழுத்தைத் திருகி ஆற்றில் எறிந்துவிட்டு, வந்த நால்வரையும் பார்த்துச் சிரித்தான்.

"பறவையின் வலது தோளில் விழுகிறது அடி! ஆனால் ஒரு கீறல்கூட இல்லை!" வர்ணனையாளர் துள்ளினார். "இதோ, தணலின் வயிற்றுக்கு வருகிறது உதை! அசையவே இல்லை பாருங்கள்! அது சரி, நம்ம வெத்துவேட்டு எங்கே? வழக்கம்போல இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குகிறாரா?"

தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டென்று டிவியை அணைத்தாள்.

மறுகணம் உள்ளறையில் மூட்டை விழுந்ததுபோல் ஒரு சத்தம். கண்ணாடி நொறுங்கியது. அண்ணன் அலறினான். சாதாரணமாக வாய்விட்டு ஒரு 'ஆ' சொல்லாதவன்.

"எவன்டா உள்ள? பின்பக்கமா வந்துட்டீங்களா?"

அடி விழும் சத்தம் மட்டும் கேட்டது. துணி தேய்க்கும் இரும்புப் பெட்டியை எடுத்தாள். கதவை ஓங்கி ஓங்கி இடித்தாள். தாழ்ப்பாள் தெறித்தது.

உள்ளே வேறு யாரும் இல்லை. ஜன்னல் சாத்தியபடியே இருந்தது. உடைந்த அலமாரிக் கண்ணாடிமேல் கிடந்த அண்ணன் சுவரைப் பிடித்து எழுந்து நின்றான். அவன் மூக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. யாரும் தொடாமலே அவன் தலை வெடுக்கென்று திரும்பி, சுவரில் ரத்தம் தெளித்தது.

"அண்ணா!"

"டிவி... டிவியைப் போடு!"

ஓடிப்போய்ப் போட்டாள். சம்மட்டியின் முஷ்டி பாறையின் தாடையில் இறங்கியது. பாறை இம்மியும் அசையவில்லை. உள்ளறையில் எலும்பு உடையும் சத்தம் கேட்டது.

வாசலில் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்திய கைகள் அவள் கண்முன் வந்தன. பெட்டி கையிலிருந்து நழுவியது. திரையில் சம்மட்டி மறுபடியும் கையைப் பின்னுக்கு இழுத்து, பாறையின் இடப்பக்கம் பார்த்துத் தாழ்வாக வீசினான்.

தங்கை தொண்டை கிழியக் கத்தினாள்.

"அண்ணா, இடது விலா!"