கிளாரன்ஸ் கரையிறங்கிய நாள்

“நான்தான், எல்சி. கிளாரன்ஸ்தான் வந்திருக்கிறேன்” என்றான் விக்னராஜா.

கிழவியின் வாய் தானாகத் திறந்தது. அவன் கரண்டியைப் பதமாக உள்ளே விட்டான். பூசணி சூப். பாதி ஆறிவிட்டிருந்தது.

மெல்பேர்ணின் அந்த முதியோர் இல்லத்தில் அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எல்சி ஹார்ப்பர் அவனைக் கிளாரன்ஸ் என்றுதான் கூப்பிட்டாள். அவனும் ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் திருத்தினான். நான் கிளாரன்ஸ் இல்லை, விக்னராஜா. அமெரிக்கன் இல்லை, யாழ்ப்பாணத்தான். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வாள். மறுநாள் மறுபடியும் கிளாரன்ஸ்.

இன்றைக்குத்தான் முதல்முறையாக ஒத்துக்கொண்டான்.

கிளாரன்ஸ் என்ற பெயர் அங்கே எல்லோருக்கும் தெரியும். கதையை உட்கார்ந்து கேட்டவன் விக்னராஜா ஒருவன்தான். கரண்டிக்குக் கரண்டி, துண்டு துண்டாக.

ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தெட்டு. அமெரிக்காவிலிருந்து ஒரு கறுப்பர் ஜாஸ் குழு கப்பலேறி வந்தது. எல்சிக்கு இருபது வயது. கடற்கரை நடன மண்டபத்தில் வருகிறவர்களின் கோட்டையும் தொப்பியையும் வாங்கி வைக்கிற வேலை.

கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே கேட்பாள்.

அதுவரை அவள் கண்ட வாத்தியக்காரர்கள் முன்னால் இருக்கிற தாளைப் பார்த்து வாசிப்பார்கள். இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து வாசித்தார்கள். ஒருவன் ஒன்றைச் சொல்ல, அடுத்தவன் அதை மறுக்க, டிரம்ஸ்காரன் இரண்டு பேருக்கும் விலக்குப் பிடிக்க, நடப்பது சண்டையா சிரிப்பா என்று பிடிபடாது. ஆட வந்தவர்கள் ஆட மறந்து மேடையைப் பார்த்து நின்றார்கள்.

கிளாரன்ஸுக்கு ட்ரம்பெட். ஒரு பாட்டுக்கு மட்டும் அதன் வாயைத் தொப்பியால் பொத்திப் பொத்தி வாசிப்பான். தன் தொப்பியை விட்டுவிட்டு, யாரோ ஒரு கனவானின் தொப்பியை அவளிடம் இரவல் கேட்டு வருவான். அவளும் கொடுப்பாள். வீட்டுக்குப் புறப்படும்போது அந்தக் கனவான் தொப்பியைப் போட்டுப் பார்த்து, உள்ளே ஏன் ஈரம் என்று முறைப்பார்.

ஐம்பது வருடத்துக்குப் பிறகும் இந்த இடத்தில் எல்சிக்குச் சிரிப்பு வந்து சூப் கழுத்தில் வழியும்.

பிறகு பொலிஸ் வந்தது. குழு தங்கியிருந்த வீட்டுக்குள் புகுந்து, கறுப்பரோடு வெள்ளைக்காரப் பெண்கள் இருக்கிறார்கள் என்று பிடித்தது. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம். அரசாங்கம் அவர்கள் நாட்டில் தங்கும் அனுமதியை நீட்ட மறுத்தது.

எல்சி ரயில் பிடித்து சிட்னித் துறைமுகத்துக்குப் போனாள். கப்பலின் மேல்தட்டில் அவர்கள் கோட்டுப் பைக்குள் கைகளை விட்டபடி நின்றார்கள். யாரும் வாசிக்கவில்லை. கிளாரன்ஸ் தன்னைக் கண்டானா இல்லையா, அதுகூட அவளுக்கு நிச்சயமில்லை.

அவள் கலியாணம் செய்யவில்லை. வயது போய், நினைவு தடுமாறத் தொடங்கியபோது, அந்தக் கப்பல் புறப்பட்டதை மட்டும் மறந்துபோனாள்.

“உன்னை இறங்க விட்டார்களா?” இன்றைக்கும் அதைத்தான் கேட்டாள்.

வழக்கமாக இந்த இடத்தில் அவன் பேச்சை மாற்றிவிடுவான்.

“விட்டுவிட்டார்கள், எல்சி.”

“பேப்பர் எல்லாம் சரியா?”

“எல்லாம் சரி. இனி ஒருவரும் என்னைப் போகச் சொல்ல முடியாது.”

அவள் அவனுடைய முகத்தை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவனுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, பிடித்த கையை விடாமலே மிச்ச சூப்பையும் குடித்து முடித்தாள். அவள் ஒரு கிண்ணத்தை முழுதாகக் குடித்து அவன் பார்த்ததில்லை.

“அப்போ சனிக்கிழமை வாசிப்பாய்?”

“வாசிப்பேன்.”

அவளுடைய வாயையும் கழுத்தையும் துடைத்துவிட்டான். தலையணையைச் சரிசெய்தான். செய்வதற்கு வேறொன்றும் இல்லாமல் போர்வையின் சுருக்கத்தை நீவினான்.

கதவடியில் யோகா அக்கா வந்து நின்றாள். அவளும் யாழ்ப்பாணம்தான், அங்கே நேர்ஸ். அவனுக்கு இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவள்.

“தம்பி, இமிகிரேசன்காரர் இனியும் நிக்கேலாது எண்டுறாங்கள். அவவுக்குச் சூப் தீத்திப்போட்டு வரட்டும் எண்டு விட்டதே பெரிய காரியமாம்.”

“ஓம் அக்கா. வாறன்.”

போன வருடம், எண்பத்துமூன்று கலவரத்தில், கொழும்பில் அவர்கள் குடியிருந்த வீடு எரிந்தது. அப்பாவிடமிருந்து காசு வருவது நின்றது, படிப்பு நின்றது, அதோடு மாணவர் விசாவும் போனது. நீட்டித் தரும்படி கேட்டதற்கு முடியாது என்று பதில் வந்தது. போவதற்கு வீடில்லாததால் அவன் போகவில்லை. இன்று காலை இரண்டு அதிகாரிகள் இல்லத்தின் சமையல் குசினிக்குள் வந்து அவனுடைய பெயரைச் சரியாகச் சொன்னார்கள்.

எல்சியின் யன்னலுக்கு நேரே வாசல். அங்கே ஒரு கார், பின்கதவு திறந்தபடி நின்றது.

அவன் போய்த் திரையை இழுத்து மூடினான்.

“ஏன் மூடுகிறாய்? இப்போதுதானே வெயில் வந்தது.”

“கண் கூசும், எல்சி.”

வெளியே வந்தான். அதிகாரிகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாக அவனோடு நடந்தார்கள். சனிக்கிழமைக்கு எதை உடுத்தலாம் என்று அவள் யோகா அக்காவிடம் கேட்டுக்கொண்டிருந்தது, படி இறங்கும்வரை அவனுக்குக் கேட்டது.