ஏழாவது ஆட்டம்

கூடைப்பந்து லீக் சுற்றில் அணில்கள் முதலிடம். அதனால் காக்கைகளுடனான இறுதிப் போட்டியின் ஏழாவது, கடைசி ஆட்டம் அணில்களின் மைதானத்திலேயே நடந்தது.

"சொந்த ஊர்ல ஆடத்தானே சீசன் முழுக்க உயிரைக் கொடுத்தோம்" என்றது அணில் கேப்டன்.

காக்கை ஃப்ரீ த்ரோ போட, தடுக்க ஆளில்லாமல் தனியாக நின்றபோது, அதன் குறியைக் கலைக்க ஊரே தொண்டை கிழியக் கத்தியது. காக்கை சாவகாசமாகப் போட்டுவிட்டது. காக்கைகளுக்கு ஒரு புள்ளி முன்னிலை.

கடைசி நொடியில் அணில் கேப்டனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ கிடைத்தன. ஊர் மூச்சுகூட விடாமல் உட்கார்ந்திருந்தது. அந்த அமைதியில் கேப்டன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டுப் போட்டது. இரண்டுமே வளையத்தில் பட்டு வெளியே போயின.

யாரும் திட்டவில்லை. அம்மா அணில் துண்டை நீட்டியது. கேப்டன் நிமிரவில்லை.

"எங்க ஊரா இருந்தா உன்னைப் பார்த்துக் கத்தியிருப்பாங்க. நீ போட்டிருப்ப" என்றது காக்கை.

"நீங்க பறந்து போயிடுவீங்க. நான் இவங்களோடதான் வீட்டுக்கு நடந்து போகணும்" என்றது அணில்.