குழம்பில் உப்பில்லை

காற்று அடித்து ஓய்ந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் அமலியின் போன் பேசியது. "சுகமா இருக்கேன் அமலி. இப்பத்தான் சாப்பிட்டேன். குழம்பு பிரமாதம்."

குரல் அவள் கணவன் ரொசாரியோவுடையதுதான். ஆனால் கடலில் ஆளுக்குப் பேச நேரமில்லாவிட்டால், அவன் குரலில் படகிலுள்ள கருவியே வீட்டுக்குப் பேசிவிடும். போன ஆடியில் ஒரு படகு, ஆள் கடலோடு போன பிறகும் இரண்டு நாள் "சுகமா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அமலி அடுப்படிக்கு ஓடி அவனுக்குக் கொடுத்துவிட்டது போக மிச்சமிருந்த குழம்பைத் தொட்டு நக்கினாள். உப்பே இல்லை. பிரமாதமாம்! கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அந்த மனுஷன் வாயில் அப்படியொரு வார்த்தை வந்ததில்லை.

சந்தையில் வாங்கிய மலிவு வாக்கிடாக்கியோடு மொட்டைமாடிக்கு ஏறினாள். படகுக்காரர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அதில் கேட்கும். அங்கே மட்டும் இன்னும் மனுஷ வாய்தான். வெகுநேரம் வெறும் இரைச்சல். பிறகு ஒரு கத்தல்.

"லேய் சூசை, ஒம் படகுல உப்பு கெடக்கா? எம் பொண்டாட்டி குழம்புன்னு வெறுந்தண்ணியக் குடுத்து விட்டிருக்கா!"

அமலி தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அந்த வாக்கிடாக்கி ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. பக்கத்து மாடியிலிருந்து ஸ்டெல்லா சிரித்தாள். "ஏட்டி அமலி, குழம்புல உப்பு போடலியாமே?"

கண்ணைத் துடைத்துக்கொண்டே, தெருவுக்கே கேட்கும்படி அமலி கத்தினாள்.

"ஆமாக்கா, ஒரு கல்லுகூடப் போடல!"